சளிக்கும் பரம்பரை உண்டோ?

பீடி, சிகரெட்டைத் தொட்டறியாத தம் தகப்பனார் வருஷக்கணக்காகக் காலைதோறும் சளியைக் காறித் துப்புவதையும், பாட்டனாருக்கும் அதே உபத்திரவம் இருந்ததையும் விவரித்து, தேஹு ரோடு வாசகர் ஒருவர், "இது பரம்பரை வியாதியா? ஜீன் பரிசோதனையில் தெரிந்துவிடுமா?" என்று கேட்கிறார். முதல் கேள்விக்கு ஓரளவு ஆம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை.

மூச்சுக்குழாயின் சில உயிரணுக்கள், ம்யூசின் என்னும் நீண்ட புரதத்தைக் கால்சியத்தின் துணையால் இறுகச் சுருட்டி, ஏறக்குறைய நீரின்றி வைத்திருக்கின்றன. வெளியே விடப்பட்டதும், பைகார்பனேட் அந்தக் கால்சியத்தைக் கவர்ந்துகொள்ள, கட்டவிழ்ந்த புரதம் நீரைக் குடித்து, நூற்றுக்கணக்கான மடங்கு பருத்து, வழுவழுப்பான சளிப் படலமாக விரியும் விந்தை சில விநாடிகளில் நிகழ்ந்துவிடுகிறது. பைகார்பனேட்டையும் குளோரைடையும் வெளியே விடும் வாயில், ஏழாவது குரோமோசோமிலுள்ள ஸி.எஃப்.டி.ஆர். ஜீனின் ஆணைப்படி அமைந்தது.

இதற்கு உவமை சமையலறையிலேயே உண்டு. சேலத்து ஜவ்வரிசி மகாராஷ்டிரத்துக்கு வந்து, ஏகாதசியன்று சாபுதானா கிச்சடியாவதைத் தேஹு ரோட்டார் அறிவார்கள். ஊறும்போது நீர் குறைந்தால் கடினமாகவே நிற்கும். அளவாக இருந்தால் மணிமணியாகப் பூக்கும். ஸி.எஃப்.டி.ஆர். நீர் வார்க்கும் கை என்றால், எத்தனை படி போடுவதென்று தீர்மானிக்கும் மாமியார் ம்யூசின் ஜீன்கள், பரிமாறுகிறவை சளியை மேலே தள்ளும் மூச்சுக்குழாய் நுண்மயிர்கள். கிச்சடி தொண்டைக்குக் கீழே இறங்க, சளியோ மேலே ஏறவேண்டியிருக்கிறதே என்னும் முரணை மட்டும் வாசகர் பொறுத்தருள்க.

சரித்திரம் சுருக்கமே: ஸி.எஃப்.டி.ஆர். ஜீன் பழுதுறுவதால் வரும் ஸிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்னும் நோயை 1938-இல் டாரதி ஆண்டர்சன் விவரித்தார், 1989-இல் சூய், ரியோர்டன், காலின்ஸ் ஆகியோர் அதன் ஜீனைக் கண்டறிந்தனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற பிரதி வந்தால்தான் அந்நோய் பிறக்கும்.

சாதாரண நாட்பட்ட சளிக்கோ அத்தகைய ஒற்றைக் காரணம் பெரும்பாலும் கிடையாது. யு.கே. பயோபேங்க் என்னும் மருத்துவத் தகவல் களஞ்சியத்தை ஆராய்ந்தவர்கள் ம்யூசின் ஜீன்கள் உள்ள பகுதி உட்படச் சில இடங்களைச் சுட்டினாலும், ஒவ்வொன்றின் பங்கும் சொற்பமே. ஆகவே "சளி ஜீன் சிக்கியது" என்னும் தலைப்புகளைப் பாதி விலைக்கும் வாங்கவேண்டாம். தவிர, புகையிலைப் புகையும் அதே ஸி.எஃப்.டி.ஆர். வாயிலை முடக்குகிறது, விறகடுப்புப் புகையும் நாட்பட்ட சளிக்குக் காரணமாகும். ஒரே கூரையின்கீழ் மூன்று தலைமுறை இருமினால், பாட்டனாரிடமிருந்து வந்தது ரத்தமா, அடுப்பா என்று ஜீன் சீட்டு சொல்லாது.

நம் தேசத்தில் இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட இருமலுக்கு முதற்பரிசோதனை க்ஷயரோகத்துக்கானது; அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம். ஜீனுக்குச் செலவிடுமுன் தகப்பனாரின் சளியை அங்கே கொடுங்கள்.