ஒரு சொல் பிறந்த மண்



ஆலை வாயிலில் 'பாய்காட்' என்கிறோம். தேர்தல் வந்தால் 'பாய்காட்' என்கிறோம். அச்சொல் ஒரு மனிதனின் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அது பிறந்த மண்ணின் கதையைக் கேளுங்கள்.

அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் இருக்கிறது மேயோ மாவட்டம். ஒருபுறம் அட்லாண்டிக் பெருங்கடல். மறுபுறம் கல்லும் சதுப்பும். உழுதவன் ஐரிஷ் ஏழை, உரிமையோ நிலப்பிரபுவுக்கு! விளைந்த தானியம் குத்தகைக்குப் போயிற்று. உழவன் வயிற்றுக்கு மிஞ்சியது உருளைக்கிழங்கு.

1845-இல் அந்தக் கிழங்கிலும் நோய் விழுந்தது. பஞ்சம் தலைவிரித்தாடியது. 1841-இல் மேயோவில் ஏறத்தாழ 3,89,000 மக்கள், 1851-இல் 2,74,000! எங்கே போயினர் எஞ்சியோர்? மண்ணுக்குள் பலர், கப்பலேறிப் பிழைக்கப் போனவர் பலர். அந்த நாளிலும் ஐரிஷ் துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது!

பஞ்சத்திடையே, 1846-இல், மேயோவின் ஸ்ட்ரெய்டு கிராமத்தில் பிறந்தார் மைக்கேல் டாவிட். நான்கு வயதில், குத்தகைப் பாக்கிக்காகக் குடும்பமே வீட்டைவிட்டு விரட்டப்பட்டது. இங்கிலாந்து சென்றனர். பதினோரு வயதில், பஞ்சாலை இயந்திரம் அச்சிறுவனின் வலக்கையை விழுங்கிற்று. நட்டஈடு? சல்லிக்காசும் இல்லை!

ஒற்றைக்கையர் ஓயவில்லை. விடுதலைக் கிளர்ச்சிக்காக ஏழாண்டு சிறையிருந்து மீண்டவர், 1879 ஆகஸ்டில் மேயோவின் காசில்பார் நகரில் நிலக்கழகம் கண்டார். அக்டோபரில் அது நாடு தழுவிய அமைப்பாயிற்று, பார்னெல் தலைவரானார்.

1880-இல் வந்தது சோதனை. எர்ன் பிரபுவின் காரியஸ்தர், கேப்டன் சார்லஸ் பாய்காட். குத்தகையைக் குறைக்கக் கேட்டவர்களுக்கு அவர் தந்த பதில், வெளியேற்ற நோட்டீஸ்! மக்கள் என்ன செய்தனர்? விலகி நின்றனர். வயலில் கூலியாள் இல்லை; வீட்டில் வேலையாள் இல்லை. கொல்லன் வரவில்லை, துணி வெளுக்க ஆளில்லை, கடைக்காரர் சாமான் தரவில்லை.

வடக்கேயிருந்து 50 பேர் அறுவடைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்குக் காவல், ஏறத்தாழ ஆயிரம் படையினரும் போலீசாரும்! சுமார் 500 பவுன் பெறுமான விளைச்சலைக் காக்க, 10,000 பவுன் செலவானதாம்! அறுவடை முடிந்ததும் பாய்காட் ஊரைவிட்டே போனார். அவர் பெயர் மட்டும் போகவில்லை. உலக மொழிகளில் வினைச்சொல்லாயிற்று.

1881-இல் கழகம் தடை செய்யப்பட்டது, பார்னெல் சிறைப்பட்டார். ஆனால் அதே ஆண்டில் நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. 1903-இல் குத்தகையாளர் அரசுக் கடன் பெற்று நிலத்தை வாங்கும் வழி விரிந்தது. பிரபுக்களின் பிடி தளர்ந்தது.

முழு வெற்றியா? அப்படிச் சொல்வதற்கில்லை. நிலம் போய்ச் சேர்ந்தது குத்தகையாளர் கைக்கு. பாய்காட்டின் வயலைவிட்டு வெளியேறினானே நிலமற்ற கூலி, அவன் கைக்கு அல்ல! நிலம் நாட்டுக்கே பொதுவாகட்டும் என்றார் டாவிட். அக்குரல் ஏற்கப்படவில்லை, 1906-இல் அவர் மறைந்தார்.

தோழர்களே, அந்தச் சொல்லில் பதிந்திருப்பது காரியஸ்தரின் பெயர். அதற்கு வலிமை தந்த கூலியாளின் பெயர் ஏட்டில் இல்லை. அடுத்த முறை அச்சொல்லை முழங்கும்போது அந்தக் கூலியாளை நினையுங்கள். போராட்டத்தில் முன்னே நின்றவன், பலன் பங்கிடும்போது பின்னே தள்ளப்படலாகாது. மேயோ நமக்குச் சொல்வது இதுவே!