ஊசி பிடித்த கைக்குச் சட்டத்தின் காவல்

ஒருவருடைய இசைவின்றி அவர் உடலில் ஊசி ஏற்றுவது, ஏற்றுபவர் மருத்துவரே ஆனாலும், ஆங்கிலப் பொதுச் சட்ட மரபில் உடல்மீறல் என்னும் தவறாகும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதாகப் பிடிபட்டவரின் ரத்தத்தை எடுத்துத் தருமாறு காவலர் கேட்கும்போது, செவிலியர் இந்த மரபுக்கும் காவலரின் அவசரத்துக்கும் நடுவே நிற்கிறார். கல்லீரல் மதுவைச் சிதைத்துக்கொண்டே இருப்பதால், தாமதிக்கத் தாமதிக்கச் சான்று குறைந்துகொண்டே போகிறது.

அமெரிக்க மாநிலங்கள் பலவும் இதற்கு விலக்குரிமை என்னும் வழியைக் கண்டன. அதாவது, முறையாக ரத்தம் எடுத்த பணியாளர்மீது இழப்பீட்டு வழக்கோ குற்ற வழக்கோ நிற்காது. கலிபோர்னிய வாகனச் சட்டம் இப்பாதுகாப்பை அளிக்கும்போதே, காவலர் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், ஏற்கப்பட்ட மருத்துவ முறைப்படி எடுக்க வேண்டும், எடுப்பவர் வன்முறையைக் கையாளக் கூடாது என்று வரம்பும் கட்டுகிறது. இந்த வரம்பே அச்சட்டத்தின் உயிர். அது இல்லையேல் பாதுகாப்பு கவனக்குறைவுக்கும் போர்வையாகிவிடும்.

ஆனால் ரத்தம் எடுப்பவருக்குப் பாதுகாப்பு உண்டு என்பதால், எடுக்கச் சொல்லும் அதிகாரம் காவலருக்கு எப்போதும் உண்டென்று ஆகிவிடாது. 1966-இல் ஷ்மெர்பர் வழக்கில், நீதிமன்ற ஆணையின்றி எடுத்த ரத்தத்தை ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஏற்ற அமெரிக்க உச்ச நீதிமன்றம், மருத்துவமனையில் மருத்துவரே எடுத்ததையும் அதற்கு ஒரு காரணமாகக் காட்டியது. 2013-இல், மது கரைவது ஒன்றே ஆணையைத் தவிர்க்கப் போதுமான காரணமாகாது என்றது; 2016-இல், கைதானவரின் மூச்சுச் சோதனைக்கு ஆணை வேண்டாம் என்று கூறிய அதே நீதிமன்றம், தோலைத் துளைக்கும் ரத்தச் சோதனைக்கு அச்சலுகையைத் தர மறுத்தது.

எடுப்பவரின் பாதுகாப்புக்கும் கேட்பவரின் அதிகாரத்துக்கும் இடையிலான வேறுபாடு மறக்கப்பட்டதன் விளைவை 2017 ஜூலையில் யூட்டா மாநிலம் கண்டது. விபத்தில் தீக்காயமுற்று நினைவிழந்து கிடந்த ஓட்டுநர் குற்றம் சாட்டப்பட்டவர் அல்லர், விபத்துக்கு ஆளானவர். அவரது இசைவும் இல்லை, நீதிமன்ற ஆணையும் இல்லை, அவர் கைது செய்யப்படவும் இல்லை. இதைச் சுட்டிக்காட்டி ரத்தம் எடுக்க மறுத்த செவிலியரைத் துப்பறியும் அலுவலர் விலங்கிட்டு இழுத்துச் சென்றார். செவிலியர்மீது வழக்குப் பதிவாகவில்லை. அலுவலர் வேலை இழந்தார். ஐந்து லட்சம் டாலர் இழப்பீட்டில் விவகாரம் தீர்ந்தது.

இணங்கியவரைக் காக்கச் சட்டங்கள் தெளிவாக எழுதியுள்ள வரிகள் போதா. உரிய ஆணையின்றிக் கேட்கப்பட்டபோது நோயாளியின் பக்கம் நின்று மறுத்தவரைக் காக்கும் வரியும் அதே தெளிவோடு அவற்றில் இடம்பெற வேண்டும்.