வளைவில் சாயாத பிக்கப்

என்னிடம் இருப்பது 2001-ஆம் ஆண்டின் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங். சூப்பர்சார்ஜர் பொருத்திய 5.4 லிட்டர் வி8 இன்ஜின், 380 குதிரைத்திறன். நேர்ச்சாலையில் பறக்கும். ஆனால் உயரமான, முன்பக்கம் கனத்த பிக்கப் அது. வளைவில் வேகமாகத் திருப்பினால் வண்டி வெளிப்பக்கம் சாயும், முன்பக்கம் பாதையை விட்டு விலகப் பார்க்கும்.

இதற்கு மருந்து ஸ்வே பார். இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனை இணைக்கும் எஃகுக் கம்பி இது. இரண்டு சக்கரமும் சேர்ந்து மேடேறினால் சும்மா இருக்கும். ஒன்று மட்டும் ஏறினால் முறுக்கிக்கொண்டு சாய்வைத் தடுக்கும். முறுக்கு விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 25 மி.மீ. கம்பிக்குப் பதில் 28 மி.மீ. போட்டால் தடிமன் 12 சதவீதம்தான் கூடுகிறது. விறைப்போ 57 சதவீதம்!

நான் பின்பக்கக் கம்பியைத்தான் முதலில் மாற்றினேன். முன்சக்கரங்களுக்குப் பிடி கூடி, ஸ்டியரிங்கைத் திருப்பியபடி வண்டி திரும்புகிறது. ஆனால் அளவு மீறக் கூடாது. சுமையில்லாத பிக்கப்பின் பின்பகுதி லேசானது, ஈரச்சாலையில் வழுக்கிவிடும். ஆகவே விறைப்பை மாற்றிக்கொள்ளத் துளைகள் உள்ள கம்பியாக வாங்கி, மென்மையான நிலையில் தொடங்குங்கள். கம்பியைப் பிடித்திருக்கும் புஷ்களும் அதைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் லிங்குகளும் தேய்ந்திருந்தால் கூடவே மாற்றுங்கள்; இல்லாவிட்டால் புதுக் கம்பியின் பலன் பாதிதான்.