மந்தைக் கணக்கும் நோய்த் தடுப்பும்

எத்தனை மாடுகளுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்டது என்பதைக் கூறுதல் எளிது. வெறுமையான மருந்துக் குப்பிகளை எண்ணினாலே போதும். ஏற்றப்படாதவை எத்தனை என்பதே கடினமான வினா. 1,000 மாடுகள் உள்ளனவெனப் பதிவாகிய ஒரு பிரதேசத்தில் 800 மாடுகளுக்கு ஊசி ஏற்றப்படின், அது நூற்றுக்கு 80 ஆகும். உண்மையில் அங்கு 1,400 மாடுகள் இருப்பின், அதே 800 நூற்றுக்கு 57 ஆகக் குறைந்துவிடும். அறிக்கையோ 80 என்றே கூறிக்கொண்டிருக்கும்.

வட நைஜீரியா இதற்குத் தக்கதோர் உதாரணம். பிரித்தானிய ஆட்சி அங்கு புலானி மேய்ப்பர்மீது ‘ஜங்கலி’ என்னும் வரியை மாடொன்றுக்கு இவ்வளவு என விதித்தது. எண்ணப்படும் மாடு வரி செலுத்தும் மாடாகையால், உத்தியோகத்தர் வருமுன் மந்தையின் ஒரு பகுதி மறைவிடத்துக்கு ஓட்டப்பட்டதில் வியப்பில்லை. இதனை மேய்ப்பரின் அறியாமை எனக் கொள்வது பொருந்தாது. அது தெளிந்த பொருளாதார அறிவு என்பதே எமது கருத்து. வரி 1970களில் நீக்கப்பட்டபோதிலும், எண்ண வருபவன்மீதிருந்த ஐயம் அதனுடன் நீங்கிவிடுவதில்லை. மேலும், வரட்சிக் காலத்தில் தெற்கேயும் மாரியில் வடக்கேயும் பெயரும் மந்தை ஈரிடங்களில் எண்ணப்படலாம். ஓரிடத்திலும் எண்ணப்படாமலும் போகலாம்.

ரிண்டர்பெஸ்ட் எனப்படும் மாட்டுக் கொள்ளைநோய்க்கு எதிரான கூட்டியக்கம் 1962இல் சாட் ஏரியைச் சூழ்ந்த நாடுகளில், நைஜீரியா உட்பட, தொடங்கியது. நோய் வெகுவாகக் குறைந்தது; பின்னர் ஊசியேற்றலும் தளர்ந்தது. 1983இல் அந்நோய் நைஜீரியாவில் மீண்டும் பரவி ஏறத்தாழ ஐந்து இலட்சம் மாடுகளைக் கொன்றது. தளர்ச்சியே இதன் முதற்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பாதுகாப்பற்ற மாடுகள் எங்கே, எத்தனை என்பதை மந்தைக் கணக்கு நம்பத்தக்க முறையிற் காட்டாவிடின், தளர்ச்சியின் அளவும் புலப்படாது.

1990இல் அந்நாட்டில் வேறொரு வழி கையாளப்பட்டது. தாழப் பறந்த விமானங்களிலிருந்து, மாரியிலும் வரட்சியிலுமாக, மந்தைகள் எண்ணப்பட்டன. ஊர்களுக்குள் வளர்க்கப்படுபவை வானிலிருந்து தோன்றா. அவை தரையில் மாதிரி முறையால் மதிப்பிடப்பட்டன. மாடுகளின் தொகை ஏறக்குறைய 139 இலட்சம் எனக் கண்டனர். தொகையினும் முக்கியமானது, பருவத்துக்கேற்ப அம்மாடுகள் எங்கெங்கே செறிகின்றன என்பதும் இதனாற் புலப்பட்டமையே.

1986இல் ஆபிரிக்கா தழுவியதாகத் தொடங்கிய இரண்டாவது இயக்கம், குப்பிகளின் எண்ணிக்கையோடு அமையாது, மாடுகளின் குருதியில் பிறபொருளெதிரி உண்டா எனவும் சோதித்தது. நோய் 2011இல் உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. குருதிச் சோதனை முழுத்தொகையை அறியும் தேவையைக் குறைக்கின்றது. ஆனால் எம்மந்தைகளிற் குருதி எடுப்பது என்பதைத் தெரிவுசெய்ய ஒரு பட்டியல் வேண்டும். பட்டியலில் இல்லாத மந்தை ஊசிக்கும் அகப்படுவதில்லை, சோதனைக்கும் அகப்படுவதில்லை.