செக்கச் செவேலென்று ஒரு பாலைவனம், தமிழ்நாட்டிலேயே! தெரியுமா?

நெய்வேலியில் எந்த பிளாக்கில் விசாரித்தாலும் பர்சிங்சருக்கு மாற்றலாகிப் போய்வந்த ஒருவர் அகப்படுவார். ராஜஸ்தானின் பிகானேர் மாவட்டத்தில், தார் பாலைவனத்தில் நம் என்.எல்.சி. பழுப்பு நிலக்கரி தோண்டும் ஊர் அது. ஒட்டகச் சவாரி, ஜெய்சல்மேர் பக்கம் சாம் மணல்மேட்டில் கூடாரம் என்று போட்டோவாகக் காட்டித் தள்ளுவார். அவரிடம் கேட்டுப் பாருங்கள்: ‘தேரிக்காடு போனதுண்டா சார்?’

திருச்செந்தூர், சாத்தான்குளம், உடன்குடி வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு அலை அலையாக மணல்மேடு; அதுதான் தேரி. அத்தனையும் சிவப்பு! ஒரு பிடி அள்ளி உற்றுப் பாருங்கள். மணி ஒவ்வொன்றும் நிறமில்லாத குவார்ட்ஸ்தான். மேலே இரும்பு ஆக்சைடு மெல்லிசாகப் பூசியிருக்கிறது. இடையிடையே மின்னும் கறுப்புப் பொடி இல்மனைட்.

இந்த மணல்மணி கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்றுகூடக் கண்டுபிடிக்கலாம், தெரியுமா? புதைந்து கிடக்கும் மணி சுற்றிலுமுள்ள கதிரியக்கத்தின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கும். ஆய்வகத்தில் அதன்மீது ஒளியைப் பாய்ச்சினால், சேர்த்ததை ஒளியாகவே கக்கிவிடும். அப்படிப் பார்த்ததில் தேரி மணலுக்கு வந்த வயது, சுமார் 11 ஆயிரம் ஆண்டிலிருந்து 5 ஆயிரம் ஆண்டு வரை! அந்த மணலில் மனிதன் வேறு குடியிருந்திருக்கிறான். நகத்தளவே உள்ள கல் கருவிகளை அவன் விட்டுப்போயிருக்க, சாயர்புரம் முதலான தேரிகளில் கிடைத்தவற்றைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956-இல் விரிவாக எழுதினார்கள். திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்த இடையன்குடியும் தேரி நாட்டு ஊர்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய வேடிக்கை, இது பாலைவனமே இல்லை! ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை இங்கே ஓடையாக ஓடுவதில்லை. விழுந்த இடத்திலேயே மணல் குடித்துவிடும். குடித்த தண்ணீர் அடியில் தங்கி, பள்ளம் கண்ட இடத்தில் ஊற்றாகக் கசியும். செம்மணலுக்கு நடுவே சுனையோடு அருஞ்சுனை காத்த அய்யனார் உட்கார்ந்திருப்பது சும்மா இல்லை. பனையும் உடைமரமும் முந்திரியும் தழைப்பதும் அந்த ஈரத்தால்தான். சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் பீறிட்டுவிடாமல் ராப்பகலாக பம்பு ஓட்டுகிற நெய்வேலிக்காரருக்கு, மண்ணுக்கடியில் தண்ணீர் என்பது புதுசில்லை. மணல்மேடு தண்ணீர்த் தொட்டியாக இருப்பதுதான் புதுசு!

சரி, கூடாரம் அடிக்கலாமா? ஆசைக்கு அளவு வேண்டும். குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அனுமதியில்லாமல் உள்ளே கால் வைத்தாலே 1882-ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். (தார் பக்கமும் இஷ்டத்துக்கு விடமாட்டார்கள். 3,162 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா அங்கே இருக்கிறது, கானமயிலின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று.) ஆனால் கூடாரத்தை விட நல்ல வழி ஒன்று உண்டு, அது சாமி கும்பிடுவது! பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வம் கும்பிட வேன் வேனாக வரும் குடும்பங்கள் மரத்தடியில் அடுப்பு மூட்டிப் பொங்கி, கோயிலை ஒட்டியே தங்குகின்றன. டிசம்பர் நடுவில் என்றால் தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர் வெட்டு. செம்மணலில் வைத்து இளநீரை வெட்டுவார்கள், அவ்வளவுதான். அந்த ஈர மணலை அள்ளிக்கொள்ளக் கூட்டம் பாய்வதைப் பார்க்க வேண்டுமே! வீட்டிலும் வயலிலும் தூவ முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள்.

கடலூரில் செந்தூர் எக்ஸ்பிரஸைப் பிடித்தால் காலையில் திருச்செந்தூர். அங்கே அறை எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் தேரியைப் பார்த்துவிட வேண்டும்; உச்சியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. திரும்பும்போது உடன்குடிக் கருப்பட்டி வாங்க மறக்காதீர்கள். ஆனி, ஆடியில் மட்டும் வேண்டவே வேண்டாம். மேல்காற்று கிளம்பிவிட்டால் கண்ணிலும் மணல், காதிலும் மணல், பிரித்த புளிச்சோற்றுப் பொட்டலத்திலும் மணல்!