தொற்றுநோய்க் காலமும் பிள்ளைகளின் விளையாட்டும்

கொரோனாத் தொற்றின் காரணமாக 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அடைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடங்களில், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளின் பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான் மீண்டும் வகுப்பறையில் அமர்ந்தனர். இடைப்பட்ட காலம் ஏறக்குறைய இருபது மாதங்கள். படிப்புக் கெட்டதே என்று வருந்தாத பெற்றோர் இல்லை. ஓட்டமும் ஆட்டமும் நின்று போயினவே என்று வருந்தியவர் சிலரே. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வருந்த ஆடி ஓட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் அந்த 2020-ஆம் ஆண்டிலேயே வற்புறுத்தியிருந்தது. நம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளோ தார் சுற்றியும் கைப்பேசியைப் பார்த்தும் உட்கார்ந்த இடத்திலேயே வளர்ந்தனர்.

அந்நோயை முன்னிட்டு அறிவிக்கப்பட்ட உலக அவசர நிலை 2023 மே 5-ஆம் தேதி முடிவுற்றது. எனினும் அந்நாட்களில் மருத்துவர்கள் கண்டறிந்து கூறியவற்றை மறந்துவிடலாகாது. மற்றொரு தொற்று வருமாயின் பிள்ளைகளை மைதானத்திற்கு எவ்வாறு திருப்பி அனுப்புவது என்பதை இன்றே தெரிந்து வைத்துக்கொள்வது நலம்.

முதலாவது, நோய் கண்டு குணமான பிள்ளையைப் பற்றியது. காய்ச்சல் தணிந்து பசி எடுத்துவிட்டால் பிள்ளை தேறிவிட்டான் என்று நாம் எண்ணுகிறோம். வெளிப்பார்வைக்கு அது சரியே. ஆனால் இத்தகைய நோய்க்கிருமி சில சமயங்களில் இருதயத் தசையையும் தாக்கி அழற்சி உண்டாக்குகிறது. அழற்சி ஆறாத இருதயத்துடன் மூச்சிரைக்க ஓடினால் நாடித்துடிப்பு தடுமாறி உயிருக்கே ஆபத்து நேரக்கூடும். பிள்ளைகளிடம் இது அரிதாகவே நேரும் என்பது உண்மை. பெரும்பாலானோருக்கு நோய் இலேசாகவே வந்து போயிற்று. எனினும் அரிதானது எந்த வீட்டில் நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது. பொறுத்திருப்பதற்கோ செலவு ஒன்றுமில்லை.

இதனை மனத்திற்கொண்டே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அந்நாட்களில் ஒரு முறையை வகுத்தது. நோய் இலேசாக வந்து நீங்கிய பிள்ளை, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டு, போட்டிகளில் ஆடுபவனாயின், முதல் இரண்டு நாட்கள் 15 நிமிடத்திற்கு மேற்படாத நடையோ மெல்லோட்டமோ போதும். மூன்றாம் நாள் 30 நிமிடம், நான்காம் நாள் 45 நிமிடம், அடுத்த இரண்டு நாட்கள் 60 நிமிடம் என்று சிரமத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஏழாம் நாளில்தான் முழு ஆட்டத்தில் இறக்க வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்ட வயதினர் தங்கள் உடல் தாங்கும் அளவுக்கு ஆடிக்கொள்ளலாம். நான்கு நாட்களோ அதற்கு மேலோ 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் கண்ட பிள்ளையை மருத்துவர் பார்த்து இசைவு தந்த பின்னரே விளையாட அனுமதிக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து மீண்டவர்களுக்கு மூன்று முதல் ஆறு மாத காலம் கடின விளையாட்டு கூடாதென்றும், பின்னர் இருதய மருத்துவரின் சம்மதம் தேவையென்றும் அம்முறை கூறிற்று.

இவற்றுள் எந்தப் படியிலும் மார்வலி, மயக்கம், இயல்புக்கு மீறிய மூச்சுத்திணறல், நெஞ்சு படபடப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஆட்டத்தை அப்பொழுதே நிறுத்தி மருத்துவரிடம் செல்ல வேண்டும். பிள்ளைகள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். குழுவிலிருந்து நீக்கிவிடுவார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. ஆதலால் பயிற்சி தருபவரே தினமும் கேட்டறிய வேண்டும். உண்மையைச் சொன்ன பிள்ளைக்கு அணியில் இடம் போகாது என்ற நம்பிக்கையையும் அவரே ஊட்ட வேண்டும்.

நோயே காணாத பிள்ளைக்கும் நிதானம் தேவை. மாதக்கணக்கில் கொட்டிலில் நின்ற எருதை முதல் நாளே பொழுது சாயும் வரை ஏரில் பூட்டும் உழவரை நாம் கண்டதில்லை. மனிதப் பிள்ளையிடம் மட்டும் அவசரம் காட்டுகிறோம்! தளர்ந்த தசைகள் எளிதில் பிசகும்; பழக்கம் விட்ட உடல் வெயிலையும் தாங்காது. சில வாரங்கள் காலை வேளையில் மட்டும் பயிற்சி வைப்பது உத்தமம்.

எந்த ஆட்டத்தை முதலில் தொடங்குவது என்பதும் யோசிக்கத் தக்கதே. தொற்றின் ஆரம்ப நாட்களில் பந்தைத் துடைப்பதிலேயே பலரும் கருத்தாயிருந்தனர். இந்நோய் பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியாகவே பரவுகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. அவ்வாறாயின் நமக்கெல்லாம் பிரியமான சடுகுடுவே மிகவும் கடைசியில் வர வேண்டிய ஆட்டம். பாடிக்கொண்டே எதிரணிக்குள் புகுவதும், ஏழு பேர் சேர்ந்து ஒருவனைக் கட்டிப் பிடிப்பதும் அன்றோ அதன் சுவை! பூப்பந்தோ அணிக்கு ஐவராக, 80 அடி நீளமும் 40 அடி அகலமும் உள்ள திறந்த வெளியில், நடுவே வலை கட்டி ஆடப்படுவது. கைப்பந்திலும் வலை இரு அணிகளைப் பிரித்து நிறுத்துகிறது. ஓட்டப்பந்தயமும் கயிறு தாண்டுதலும் இன்னும் பாதுகாப்பானவை. மழைக்காலமாயினும் பயிற்சியைத் தறிக்கூடத்திற்குள் கொண்டு செல்லலாகாது. இழை அறாதிருக்கக் காற்றை அடக்கி வைக்கும் இடம் அது. கடின ஆட்டத்தின்போது முகக்கவசம் வேண்டாமென்று உலக சுகாதார நிறுவனம் கூறியதால், திறந்த வெளியும் இடைவெளியுமே அப்போது காப்பு.

ஒரே குடத்தில் ஒரே தம்ளரை இட்டு எல்லோரும் மொண்டு குடிக்கும் வழக்கத்தைத் தொற்று இல்லாத காலத்திலும் விட்டுவிடலாம்.

மைதானம் உள்ள சங்கங்கள் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்துக்கொள்வது நன்று. பிள்ளையின் பெயர், காய்ச்சல் கண்ட நாள், தணிந்த நாள், ஆட்டத்திற்குத் திரும்பிய நாள், மருத்துவர் இசைவு பெற்றதா என்னும் ஐந்து பத்திகள் போதும். பெற்றோர் ஒருவரின் கையொப்பத்தோடு அதை எழுதிவரும் பொறுப்பை, மாலை வேளையில் மைதானத்திற்கு வரக்கூடிய அங்கத்தினர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம்.