நிலம் ஆடினால் வீடு நிற்குமா?

ஹைதராபாத் நகரில் சனத்நகர் என்று ஒரு பகுதி இருக்கிறது. தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி அது. அதன் அருகில் இருப்பது போரபண்டா. 2020ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் போரபண்டாவில் பூமிக்கு அடியிலிருந்து பெரிய சத்தம் கேட்டது. தரை லேசாக அதிர்ந்தது. மக்கள் பயந்துபோய் வீதிக்கு ஓடி வந்தார்கள்.

அதே நகரில் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள விஞ்ஞானிகள் அந்த அதிர்வுகளைக் கருவி வைத்து அளந்தார்கள். அவை மிகச் சிறியவை என்று சொன்னார்கள்.

அப்படியானால் ஹைதராபாத்தில் இருப்பவர்கள் கவலை இல்லாமல் இருக்கலாமா? வாருங்கள், பார்ப்போம்.

எந்த ஊர் அதிகம் ஆடும்?

நிலநடுக்கம் எல்லா ஊர்களுக்கும் ஒன்றுபோல் வருவதில்லை. 2002ஆம் ஆண்டில் வந்த அரசு வரைபடம் நம் நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. அவை 2, 3, 4, 5 என்ற எண்களைக் கொண்டவை. எண் கூடினால் நிலம் வலுவாக ஆடக்கூடும் என்று பொருள்.

அந்த வரைபடத்தில்,
குவாஹாட்டி, புஜ் ஆகிய ஊர்கள் 5ஆம் மண்டலத்தில் இருந்தன.
டெல்லி 4ஆம் மண்டலத்தில் இருந்தது.
சென்னை, மும்பை, அகமதாபாத் ஆகியவை 3ஆம் மண்டலத்தில் இருந்தன.
ஹைதராபாத், பெங்களூர் ஆகியவை 2ஆம் மண்டலத்தில் இருந்தன.

ஹைதராபாத் கெட்டியான கருங்கல் பாறையின் மேல் இருக்கும் ஊர். எனவே அங்கே பெரிய நிலநடுக்கம் வரும் வாய்ப்பு குறைவு. ஆனால் குறைவு என்பது வேறு. இல்லை என்பது வேறு.

கில்லாரியில் நடந்தது என்ன?

மகாராஷ்டிர மாநிலம் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி என்ற ஊர் இருக்கிறது. 1993 செப்டம்பர் 30. விடியற்காலை நான்கு மணி ஆகப் போகிறது. முதல் நாள் பிள்ளையார் ஊர்வலம் முடிந்து, களைத்துப்போய் ஜனங்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று நிலம் ஆடியது. அதன் அளவு 6.2. ஹைதராபாத்திலும் அந்த அதிர்வு தெரிந்தது.

அப்போதைய வரைபடத்தில் அந்த இடம் மிகக் குறைந்த அபாயமுள்ள மண்டலத்தில் இருந்தது. ஆனாலும் சுமார் 10,000 பேர் இறந்தார்கள்.

காரணம் என்ன? வீடுகள்தான். சுவர்களை ஒழுங்கில்லாத கற்களை அடுக்கி, மண்ணால் பூசிக் கட்டியிருந்தார்கள். கூரை மேல் கனமாக மண்ணைப் பரப்பியிருந்தார்கள். வெயிலுக்கு அது குளிர்ச்சி. ஆனால் நிலம் ஆடியதும் கல் வெளியே சரிந்தது. மண் கூரை தூங்கியவர்கள் மேல் விழுந்தது.

இப்போது அஸ்ஸாமைப் பாருங்கள். அங்கே 1950 ஆகஸ்ட் 15 அன்று மிகப் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதன் அளவு 8.6. கில்லாரியைவிடப் பல ஆயிரம் மடங்கு ஆற்றல் அதில் வெளிப்பட்டது. ஆனால் நம் நாட்டில் இறந்தவர்கள் சுமார் 1,500 பேர்தான். அங்கே ஜனநெருக்கம் குறைவு. வீடுகளும் மரத்தாலும் மூங்கிலாலும் கட்டிய இலேசான வீடுகள். அவை ஆடினாலும் ஆளை நசுக்குவதில்லை.

இரண்டு கேள்விகள்

ஒரே தெருவில் ஒரே மழை பெய்கிறது. கூரையைச் செப்பனிட்ட வீடு ஒழுகவில்லை. செப்பனிடாத வீடு ஒழுகுகிறது. குற்றம் மழையின் மேலா?

நிலநடுக்கமும் அப்படித்தான். நாம் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். நிலம் எவ்வளவு ஆடும்? இது முதல் கேள்வி. இது இயற்கையின் கையில் இருக்கிறது. ஆடினால் நமக்கு எவ்வளவு சேதம்? இது இரண்டாவது கேள்வி. இது நம் வீட்டையும், வீடு நிற்கும் மண்ணையும், அதில் வாழும் ஆட்களையும் பொறுத்தது. மண்டல எண் முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும்.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் புஜ் பகுதி குலுங்கியது. 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடி வீடுகள் விழுந்தன. நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். விழுந்த பல வீடுகளில் கீழ்த்தளத்தில் சுவர் இல்லை. வண்டி நிறுத்துவதற்காக வெறும் தூண்கள் மட்டுமே இருந்தன.

ஹைதராபாத்துக்கும் தூரத்து அதிர்வு வருவதுண்டு. 2024 டிசம்பர் 4 அன்று காலையில் முலுகு மாவட்டத்தில் 5.3 அளவில் நிலம் நடுங்கியது. ஹைதராபாத்திலும் ஜனங்கள் அதை உணர்ந்தார்கள்.

நாம் செய்யக் கூடியவை

உங்கள் ஊர் எதுவானாலும் சரி. வீடு கட்டும்போது இவற்றைக் கவனியுங்கள்.

ஏரி, குட்டையைத் தூர்த்த இடமா என்று விசாரியுங்கள். இளகிய மண் பாறையைவிட அதிகம் ஆடும்.

கதவு, ஜன்னல்களுக்கு மேலே எல்லாச் சுவர்களையும் சுற்றி, கம்பி வைத்த கான்கிரீட் பட்டை போடச் சொல்லுங்கள். கூடைக்கு விளிம்புக் கட்டு எப்படியோ, வீட்டுக்கு இந்தப் பட்டை அப்படி.

வாடகை வரும் என்று பழைய வீட்டின் மேல் மாடி கட்டாதீர்கள். அடித்தளம் தாங்குமா என்று பொறியாளரைக் கேட்ட பிறகே கட்டுங்கள்.

கனமான அலமாரியைச் சுவரோடு பிணைத்து வையுங்கள். படுக்கும் இடத்துக்கு மேலே பாரமான பொருளை வைக்காதீர்கள்.

நிலம் ஆடுவதை நம்மால் தடுக்க முடியாது. வீடு விழாமல் கட்ட முடியும். இன்றே உங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சுவரில் பெரிய வெடிப்பு இருக்கிறதா?